அப்பாவுக்கு எடுத்த யூ.டி.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் மாமியார் வீட்டில் இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. 'மாப்பிள்ளை வெல்டிங்ல இருக்கார்' என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள். வெல்டிங் செய்வது நானில்லை. வெல்டர் முடித்துவிட்டுப் போன ஜாயின்ட்டை அறுக்காமல் உடைக்காமல், உள்ளே பொத்தலோ விரிசலோ இருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்த்துச் சொல்பவன். யூ.டி. என்போம், அல்ட்ராசோனிக் டெஸ்டிங். நெய்வேலியில் பாய்லர் ஷட்டவுன் வந்தால் இருபது நாள் அங்கே. மற்ற நாளெல்லாம் கடலூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு டாங்க், ஏதாவது ஒரு பைப்லைன்.

அப்பாவும் இரும்போடுதான் வாழ்ந்தவர். ஓ.டி. துறைமுகத்தில் விசைப்படகு என்ஜின் மெக்கானிக். ஓ.டி. என்றால் முதுநகர், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அறுபத்தொன்பது வயதிலும் காலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு அங்கே போய் நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என்ஜினைத் திறக்கும் முன்பே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். நானும் சத்தத்தை வைத்துத்தான் சம்பாதிக்கிறேன், ஆனால் என் சத்தம் காதுக்குக் கேட்காது.

2024 மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரி பார்க்கப் போனார். வெயிலில், மணலில் நடந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார். "நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு. வாயுதான்" என்றார். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். நான் ஒரு கோலி சோடா வாங்கி வந்தேன். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. மாசி வெயில் என்று நினைத்தோம். சாயங்காலம் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது ஊசியும் கேஸ் மாத்திரையும் கிடைத்தன. ஈ.சி.ஜி. பற்றி அங்கே யாரும் பேசவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அவர் எழுந்து பேப்பர் படித்தார், நான் நெய்வேலிக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. சர்க்கரை நாட்பட்டால் நரம்பு மரத்துப்போகும், நெஞ்சுவலிகூட முழுசாக வலிக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த பிறகு அந்த நனைந்த பனியன் எத்தனை தடவை கண் முன்னால் வந்திருக்கும் என்று கணக்கில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. இந்த முறை வேறோர் இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்தோம். அதைப் பார்த்த டாக்டர் தாளை மேசையில் வைத்து விரலால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டி, "பெரியவருக்கு அட்டாக் வந்து போயிருக்கு. இன்னைக்கு வந்தது இல்ல, கொஞ்ச நாள் ஆகுது. எவ்வளவு சேதம்னு எக்கோ பார்த்தாதான் தெரியும். ஜிப்மர் போயிடுங்க" என்றார். வந்து போயிருக்கு. ஏதோ விருந்தாளி மாதிரி.

வாடகைக் கார் பிடித்து, கன்னியகோயில் தாண்டி, அரியாங்குப்பம் தாண்டிப் போகும்போது அப்பா பேசவே இல்லை. ஜிப்மர் வாசலில் இறங்கியதும் "வண்டிக்காரனுக்கு எவ்வளவு குடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

எக்கோ என்றால் ஒலியை விட்டு இதயத்தைப் பார்ப்பது. அந்த அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. ஏ.சி. குளிர், மங்கிய விளக்கு, சுவரில் 'கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று இங்கு தெரிவிக்கப்படாது' என்ற பலகை. அறுபத்தொன்பது வயது மெக்கானிக்கின் தலைக்கு மேலே அந்தப் பலகை இருந்தது அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஒலிக்கருவி வைத்திருக்கும் எந்த அறைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்பார்கள்.

அப்பாவை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார் டாக்டர். இளம் பெண், முப்பதுக்குள் இருக்கும். இடது கையைத் தலைக்கு அடியில் மடித்து வைக்கச் சொன்னார். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு நெருங்கி வரும், நடுவில் குறுக்கே நிற்கும் நுரையீரல் ஒதுங்கும். நுரையீரல் முழுக்கக் காற்று. காற்றைக் கண்டால் இந்த ஒலிக்கு ஆகாது, முட்டித் திரும்பிவிடும். இதெல்லாம் யாரும் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. அடுத்து ஒரு புட்டியைக் கவிழ்த்து, பிதுக்கி, ஒலியை விட்டு வாங்கும் ப்ரோபின் முகத்தில் நீல ஜெல்லை வைத்தார் பாருங்கள், எனக்கு ஒரு நிமிஷம் எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துவிட்டது. நான் தினமும் செய்கிற வேலை. நான் கிரீஸ் தடவுவேன், அவர் ஜெல் தடவுகிறார். முடியளவு காற்று நடுவில் நின்றாலும் திரையில் ஒன்றும் வராது. இரும்புக்கும் அதேதான், மனுஷனுக்கும் அதேதான்.

"மேடம், எத்தனை மெகாஹெர்ட்ஸ்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் 'நீ யாரப்பா' என்று இருந்தது. சொன்னேன். "ஓ, இரும்புக்கா?" என்று சிரித்தார். "இது இரண்டு, இரண்டரைல ஓடுது." நான் வெல்டுக்கு வைப்பது நான்கு. என் ஒலி இரும்பில் நேராகப் போனால் நொடிக்கு 5,900 மீட்டருக்கு மேல் ஓடும். அவருடையது சதையில் 1,540 மீட்டர். வேகம் குறைவாக இருப்பதால் அலையின் நீளமும் குறைவு, அதனால் என்னைவிடக் குறைந்த அதிர்வெண்ணிலும் அவருக்கு என்னைவிட நுணுக்கமாகத் தெரியும். பொறாமையாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

திரையில் விசிறி மாதிரி ஒரு படம். இதயத்தின் நுனி மேலே இருக்கிறது, தலைகீழாக. முதலில் எனக்கு எல்லாம் ஒரே ஆட்டமாகத்தான் தெரிந்தது. நான் பழகியது ஆடாத பொருள். பாய்லர் டியூப் அசையாது. அதில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு எதிரொலி முளைத்து நின்றால் அதுதான் குறை. கண் அதையே தேடியது: எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு, எங்கே விரிசல்? ஒன்றும் இல்லை. நல்ல முழு இதயமாகத்தான் தெரிந்தது. "எல்லாம் சரியா இருக்கற மாதிரி இருக்கே மேடம்" என்றேன், அவசரக்குடுக்கையாக.

அவர் திரையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார். "இங்க பாருங்க. இது இரண்டு அறைக்கும் நடுவுல இருக்கற சுவர். கீழ்ப்பாதி அடிக்கறப்ப என்ன ஆகுது?"

உள்ளே வந்தது. வந்தபோது தடித்தது, கையை மடக்கினால் புஜம் திரள்வது மாதிரி.

"இப்ப மேல்பாதி, நுனி வரைக்கும்."

அதுவும் ஆடியது. ஆனால் தடிக்கவில்லை. தோலுக்கு அடியில் துணி வைத்துத் தைத்த மாதிரி ஒரே கனத்தில் இருந்தது.

"ஆடுறத நம்பாதீங்க சார். பக்கத்துல இருக்கற நல்ல சதை இழுக்குது, இது கூடவே போகுது. தானா தடிக்குதான்னுதான் பார்க்கணும்."

அதை ஐந்து தடவையாவது பார்த்திருப்பேன். பிறகு என் கண்ணுக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. நுனி மட்டும் ஒட்டாமல், ஊர்வலத்தில் தள்ளிக்கொண்டு போகப்படும் ஆள் மாதிரி, சும்மா போய்ச் சும்மா வந்தது.

இடது அறையைப் பதினேழு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடியில் ஆறு, நடுவில் ஆறு, மேலே நான்கு, நுனிக்கு ஒன்று. ஒவ்வொரு துண்டுக்கும் எந்த ரத்தக்குழாய் தண்ணீர் பாய்ச்சுகிறது என்று ஏறக்குறைய தெரியும். அதனால் எந்த வயல் காய்ந்திருக்கிறது என்று பார்த்து எந்த வாய்க்கால் அடைத்தது என்று சொல்லிவிடலாம். அப்பாவுக்கு முன்பக்கமாக இறங்கி வரும் பெரிய குழாய். எக்கோவில் அடைப்பு தெரியாது, அடைப்பு செய்துவிட்டுப் போன வேலைதான் தெரியும். இது முக்கியம். 'எக்கோ நார்மல்' என்று தாளை மடித்து வைத்துக்கொண்டு 'எனக்கு பிளாக்கே இல்ல' என்று சொல்லித் திரியும் ஆட்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். சதை கெடாதவரை குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும் சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் எக்கோ ஒன்றும் சொல்லாமல் போகலாம். அடைப்பைப் பார்க்க ஆஞ்சியோதான்.

"சுவர் எவ்வளவு மேடம்?" என்றேன். தடிமன் பார்ப்பது என் அன்றாடம். பாய்லரில் தேய்ந்த டியூபை மில்லிமீட்டரில் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன்.

"எட்டு. மெலிஞ்சு, ஆறுக்கும் கீழ போய், பளிச்சுன்னு வெள்ளையா தெரிஞ்சா தழும்பாயிடுச்சுன்னு அர்த்தம். இது இன்னும் மெலியல." அந்த 'இன்னும்' எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. நுனியில் ப்ரோபைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் தேடினார். ஆடாத நுனியில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போகலாம். கட்டி இல்லை.

பிறகு ஒரு பொத்தானைத் தட்டினார். அறை முழுக்க 'ஷ்வூக் ஷ்வூக்' என்று ஒரு சத்தம். ரத்த ஓட்டத்தைச் சத்தமாக்கிக் காட்டும் டாப்ளர். அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"இது என்னோடதா?"

"ஆமாங்கய்யா."

கொஞ்சநேரம் கேட்டார். "ஆறு சிலிண்டர்ல ஒண்ணு அடிக்கலைன்னு சொல்றீங்க, அதான டாக்டரம்மா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "போட் என்ஜின் மெக்கானிக்" என்றேன். "அப்படியும் சொல்லலாம்யா" என்றார் அவர்.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக முடியாது. அன்றிரவு வராந்தாவில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தது. இதயத்தை இப்படி ஒலியால் பார்க்கலாம் என்று முதலில் செய்து காட்டியவர்கள் ஸ்வீடனில் லுண்ட் ஊரில் இரண்டு பேர். எட்லர் என்ற இதய டாக்டர், கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல்காரர். எதைக் கொண்டு செய்தார்கள் தெரியுமா? யூ.டி. மிஷின்! மால்மோவில் கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் குறை பார்க்க வைத்திருந்த கருவியை ஹெர்ட்ஸ் பார்த்தார், அதைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார், உள்ளே எதுவோ ஆடுவது தெரிந்தது. பிறகு சீமென்ஸிடம் அதே மாதிரி ஒன்றை இரவல் வாங்கி, 1953 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக ஆடும் இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். எட்லர் தேடியது சுருங்கிய வால்வை. அட்டாக் சேதத்தை எக்கோவில் பார்ப்பதெல்லாம் பிறகு வந்தது. ரத்தம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் அந்தச் சதை உள்ளே வருவதை விட்டுவிட்டு வெளியே புடைக்கிறது என்பதை மட்டும் 1935லேயே டென்னன்ட், விக்கர்ஸ் என்ற இருவர் நாயின் இதயத்தில் பார்த்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. இந்த ஹெர்ட்ஸின் அப்பா கஸ்டாவ் ஹெர்ட்ஸ், நோபல் பரிசு வாங்கியவர். அந்தக் கஸ்டாவின் சித்தப்பா பெரியப்பா முறையில் வருபவர்தான் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். என் ப்ரோபின் முதுகில் பொறித்திருக்கிறதே மெகாஹெர்ட்ஸ், அந்த ஹெர்ட்ஸ். பதினெட்டு வருஷமாகக் கையில் பிடித்திருக்கிறேன், ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் இருந்த பத்து வரியில் எங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் படித்தது ஒரே வரியை. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 35 சதவீதம். நம் ஊரில் இதற்குப் பெயர் பம்பிங். 'பம்பிங் எத்தனை?' என்று கேட்காத ஆளில்லை. அக்கா போனில் அழுதாள், "இதயம் முப்பத்தஞ்சு பர்சன்ட்தான் வேலை செய்யுதாம், மீதி அறுபத்தஞ்சு போயிடுச்சாம்." ஒரு மாமா அதை பரீட்சை மார்க்காகவே எடுத்துக்கொண்டு, "ஜஸ்ட் பாஸ்" என்றார்.

யாருக்கும் அது நூறு கிடையாது. இடது அறை நிரம்பும்போது 120 மில்லி ரத்தம் இருக்கிறது என்று வையுங்கள், ஒரு அடியில் 70 மில்லி வெளியே போனால் 58 சதவீதம். அது நல்ல இதயம். ஆண்களுக்கு 52 முதல் 72 வரை இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். ஆக அப்பாவின் 35 என்பது நூற்றுக்கு 35 இல்லை, அறுபது சொச்சத்துக்கு 35. குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 'அறுபத்தஞ்சு போச்சு' என்பது கணக்கே இல்லை.

அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் பார்த்தேன். நிரம்பிய படத்தை நிறுத்தி, உள் ஓரத்தை டாக்டர் கோடு இழுத்து வரைகிறார். சுருங்கிய படத்திலும் அதையே. இரண்டு கோணத்தில். மிஷின் அதை அப்பளம் அடுக்கின மாதிரி வில்லை வில்லையாக அடுக்கிக் கொள்ளளவு போடுகிறது. கோடு இழுப்பது மனிதக் கை. படம் தெளிவில்லாவிட்டால் கோடு தள்ளிப்போகும். இன்று ஒருவர் 35 என்று எழுதியதை நாளை இன்னொருவர் 40 என்று எழுதினால் இதயம் தேறிவிட்டது என்று பாயசம் வைக்க வேண்டாம். எங்கள் தொழிலிலும் இது உண்டு. ஒரே ஜாயின்ட்டுக்கு இரண்டு டெக்னீஷியன் இரண்டு மாதிரி எழுதி, இன்ஜினியர் எதிரில் சண்டை போட்டிருக்கிறோம்.

ஆஞ்சியோ மணிக்கட்டு வழியாக எடுத்தார்கள். குழாய் முழுக்க மூடவில்லை, நூலளவு வழி மிச்சம் இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, இட்லியும் வராந்தாவும்தான்.

கிளம்பும்போது டாக்டரிடம் கேட்டேன், "அந்த அடிக்காத சதை செத்துப்போச்சா?" இரும்பில் எனக்கு இரண்டே வார்த்தை. ஏற்பு, நிராகரிப்பு. விரிசல் விட்ட ஜாயின்ட் மூன்று மாதம் கழித்து ஒட்டிக்கொள்ளாது.

"ஆடலைன்னா செத்துடுச்சுன்னு இல்ல சார். அடி வாங்கி மரத்துப்போய் நிக்கலாம், ரத்தம் பத்தாம தூங்கிட்டு இருக்கலாம். ரத்தம் போனா சிலது எழும். மூணு மாசம் கழிச்சு எக்கோ பார்ப்போம். அப்பவும் முப்பத்தஞ்சுலயோ கீழயோ நின்னா, திடீர்னு துடிப்பு தப்பினா சரிபண்ற ஒரு மெஷின் வைக்கறதைப் பத்திப் பேசலாம். இப்ப இல்ல." மரத்துப்போன சதைக்கு அவர்கள் 'ஸ்டன்னிங்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள், அமெரிக்காவில் பிரான்வால்டும் குளோனரும் 1982இல் எழுதியதிலிருந்து அது புழக்கத்தில் இருக்கிறது.

அந்த மூன்று மாதம் வீட்டில் உப்புச் சண்டை. அம்மா மீன் குழம்பில் உப்பைக் குறைத்தாள். கருவாடு வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றாள். துறைமுகத்துக்காரனிடம் கருவாடு வேண்டாம் என்பது சாதாரண விஷயமா? பக்கத்து வீட்டில் சுட்ட வாசனை வரும்போதெல்லாம் அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. படகெல்லாம் கரையில், என்ஜினெல்லாம் பிரித்த நிலையில், மெக்கானிக்குகளுக்கு அறுவடைக் காலம். அப்பா திண்ணையில் மாத்திரைப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 12, மறுபடியும் ஜிப்மர். இந்த முறை பஸ்ஸில்தான் போவேன் என்று பிடிவாதம். வேறு டாக்டர், அதே பலகை, அதே நீல ஜெல். நான் வாயைத் திறக்கவில்லை. திரையை மட்டும் பார்த்தேன். சுவரின் மேல்பாதி, போன முறை துணி மாதிரி கிடந்த இடம், உள்ளே வந்தது. வந்தபோது கொஞ்சம் தடித்தது. சோம்பலாக, மனசில்லாமல், ஆனால் தானாக. நுனி மட்டும் பழையபடியே இருந்தது. என் கண் ஆசைப்பட்டுப் பார்க்கிறதோ என்று பயந்து, டாக்டர் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தேன். "முன்னுக்கு இப்ப பரவாயில்லையே" என்றார். 46 என்று எழுதினார். நுனிக்கு அதே பழைய வார்த்தை, ஏகைனெடிக். அசைவில்லை.

அப்பா ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, "அஞ்சரை சிலிண்டர்" என்றார்.

ஜூன் 14 ராத்திரி தடைக்காலம் முடிகிறது. சாப்பிட்டுவிட்டு 'சும்மா பார்த்துட்டு வரேன்' என்று கிளம்பியவரைத் தேடி ஒன்பது மணிக்கு நான் துறைமுகத்துக்குப் போனேன். ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம், டீசல் வாடை, படகுக்குப் படகு விளக்கு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படகை ஒட்டிப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். உள்ளே இரண்டு பையன்கள் என்ஜினை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மூணாவது அடிக்கலடா" என்றார். பையன் ஏதோ பதில் சொன்னான். "பிஸ்டன் போச்சுன்னு யாருடா சொன்னது? முதல்ல இன்ஜெக்டரக் கழட்டிப் பாரு."

ராத்திரி மாத்திரை என் சட்டைப் பையில் இருந்தது. கூப்பிட்டேன். மறுபடி முடுக்கிவிட்டார்கள், அந்தச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.